உன் அப்பாவின் இடப்பக்கம்

ஹாப்பமாகி,
நவம்பர் மாதம், முதல் பனி விழுந்த வாரம்.

அன்பு மகள் மெர்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நேரங்காலம் பார்க்காமல் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, நலமாக இருக்கிறோம். அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், திட்டுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வயதுக்கு மிச்சம் வேண்டும். போனில் பேசினால் போதாதா, எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் உன் அப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் அவர் வேறு மாதிரி முடிக்கிறார், உனக்குக் கேட்பதெல்லாம் அந்த முடிவுதான். சவ அடக்கத்தில் கொஞ்சம் தலை சுற்றியது, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மூளைப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினேன் என்றெல்லாம் அவர் உன்னிடம் அளந்தபோது நீயும் சிரித்துக்கொண்டுதானே கேட்டாய். அவர் வாங்கிய மார்க்கை நான் சொல்கிறேன். எழுதப்போகிறேன் என்று அவருக்கும் தெரியும். "எழுது, ஆனா என்னைக் கொஞ்சம் அழகா எழுது"ன்னார். முடிந்தவரை பார்க்கிறேன், இருக்கிற சரக்கை வைத்துத்தானே சமைக்க முடியும்.

மார்ச் மாதம் கவ்கோவை அடக்கம் பண்ணினோமே, அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. கவ்கோவை உனக்கு ஞாபகம் இருக்கும், ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு, நம் வேட்டைக் குழுவில் முப்பது வருஷம் இருந்து ஒரு தடவைகூட ஒழுங்காகச் சுடாதவன். ஆறு பேர் துணிப்பட்டையைப் பிடித்துச் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள், உன் அப்பா தலைமாட்டில் நின்றார். போதகர் மண்ணுக்கு மண் என்று உருக்கமாக ஆரம்பித்த நேரம் பார்த்து அப்பாவின் இடது கை பட்டையை விட்டுவிட்டது. பெட்டி சாய்ந்து, கவ்கோ தலைகீழாகக் குதிக்கப்போகிறவன் மாதிரி ஆகிவிட்டான். மற்ற ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்கள். இவர் என்னவோ பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றுகொண்டு கோணலாகச் சிரித்தார். நான் அவமானத்தில் பனிக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்தேன், சாவு வீட்டுக்கு வருமுன்னே ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கவ்கோவின் மனைவி ரைலி இருக்கிறாளே, நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், அழுகையை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு நேராக இவர் முன்னால் போய் நின்றாள். "வெய்யோ, பல்லைக் காட்டிச் சிரி பாப்போம்"னாள். இவர் குழறிக்கொண்டே, "சாவு வீட்டுல சிரிக்கச் சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா"ன்னார். வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது. ரைலி அந்தக் கணமே கையுறையைக் கழற்றிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். போதகர் தயங்கித் தயங்கி, அடக்கத்தை முடித்துவிடலாமா என்று கேட்டதற்கு, "கவ்கோ காத்திருப்பான், அவனுக்கு இன்னைக்கு வேற ஜோலி இல்லை. இவன் மூளைக்குத்தான் நேரமில்லை"ன்னு சொல்லிவிட்டாள். கணவனைப் புதைக்கிற நாளில் ஒருத்தி இப்படிப் பேசுவாளா என்று ஊரே வாயைப் பிளந்தது. நான் அவளுக்குக் கோயில் கட்டினாலும் தகும், கட்டினால் அவள் அதற்குள்ளும் புகைபிடிப்பாள் என்பதால் விட்டுவிட்டேன்.

கறுப்பு உடுப்போடும் கையில் லில்லிப்பூவோடும் ஆம்புலன்ஸில் ஏறினேன், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வார்டு பையன் ஆள் போய்ச் சேர்ந்தாச்சா என்று என்னிடமே கேட்டான். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து போட முடிந்தது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பாம், அதனால் இடது கை போனதாம். இரண்டு மூன்று நாளில் கை திரும்பிவிட்டது. வாய் நேராகிவிட்டது, அது இன்னும் சில நாள் கோணலாக இருந்திருந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் அமைதி கிடைத்திருக்கும். வார்டில் மேலும் கீழும் நடந்தார், கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டார், பக்கத்துக் கட்டில்காரருக்குக் கடமான் வேட்டை பற்றிச் சொற்பொழிவு செய்து அவருடைய ரத்த அழுத்தத்தை ஏற்றினார். டாக்டர்கள் எல்லாரும் வந்து பார்த்து, அதிர்ஷ்டக்காரர் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வீடு என்று நான் அவருடைய பூட்ஸைத் துடைத்துக்கூட வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ரோன்யா வந்தாள். மூளைத்திறனைச் சோதிக்கிற உளவியல் நிபுணர், உன்னைவிடச் சின்னவள், காதில் நாலு வளையம். கையில் கொஞ்சம் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒரு சின்னச் சோதனை, பக்கவாதம் வந்த எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே செய்துவிடுவோம் என்றாள். உன் அப்பாவுக்குக் குஷி. பார்வையாளர் வந்தாலே அவருக்குக் குஷிதானே. ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். அழகான வட்டம் போட்டார், பன்னிரண்டு எண்ணையும் எழுதினார், ஆனால் எல்லா எண்ணும் வலது பாதியிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கடைசி பஸ்ஸில் கூட்டம் தொத்திக்கொண்டு நிற்குமே அப்படி. இடது பாதி வெறும் வெள்ளை. அவரோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் பார்க்கிறார். காகிதம் முழுக்கச் சிதறியிருந்த நட்சத்திரங்களை அடிக்கச் சொன்னாள், வலப்பக்கத்து நட்சத்திரங்களை மட்டும் ஒன்று விடாமல் அடித்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். ஏணி, எலுமிச்சை, நரி, கம்பளி, இன்னொன்று எனக்கும் மறந்துவிட்டது. இவருக்கு நரி மட்டும் ஞாபகம் இருந்தது. "மத்ததெல்லாம் காட்டுல ஓடாதே, அதை எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்"னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு, இரண்டு படி இறங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "பள்ளிக்கூடத்துலயே எனக்கு வராது, இதைப் பக்கவாதத்துக் கணக்குல சேக்காத"ன்னு அவளையே மிரட்டினார்.

அவள் கோபிக்கவில்லை. காகிதங்களை அடுக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "கை கால் நல்லா வந்துருச்சு, சந்தோஷம். ஆனா இந்த முதல் வாரத்துல இப்படி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு, சில மாசம் கழிச்சும் கவனத்துலயும் திட்டம் போடறதுலயும் சிரமம் இருக்கு. வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது. அதனாலதான் இப்பவே பாக்கறோம், யாரைக் கண்ணுல வச்சுக்கணும்னு தெரியறதுக்கு." கட்டாயம் அப்படித்தான் ஆகும் என்று இல்லை, சிலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள், வானிலை அறிக்கை மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். உன் அப்பா விடுவாரா. "புதுவருஷ ராத்திரி ஈயத்தை உருக்கித் தண்ணில ஊத்தி, அதுல கப்பல் தெரியுது, கல்யாணம் தெரியுதுன்னு சொல்லுவா எங்க அத்தை. அவ சொன்னதும் ஒண்ணும் நடக்கலை. நீ பென்சில்ல அதையே பண்றே"ன்னார். எனக்கும் அந்தப் பெண் சொன்னது பிடிக்கவில்லை. "இடப்பக்கம் பாக்கலைன்னு சொல்றியே, எங்க வீட்டுல பாத்திரம் கழுவற தொட்டி இடப்பக்கந்தான் இருக்கு, நாப்பது வருஷமா இந்த மனுஷன் அதைப் பாத்ததே இல்லை. அது எந்த நோய்?"னு கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்து இருமினார். ரோன்யாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கார் ஓட்டக்கூடாது, துப்பாக்கியைத் தொடக்கூடாது, கோடையில் மறுசோதனைக்கு வரவேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்தாள். துப்பாக்கி அலமாரிச் சாவி அன்று முதல் என் கழுத்துச் சங்கிலியில். நாய்க் கழுத்தில் வரி கட்டிய வில்லையை மாட்டின மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊரே வந்து பார்த்தது. எல்லாரும் ஒரே பாட்டுத்தான், பழைய வெய்யோவே திரும்ப வந்துவிட்டான் என்று. காப்பியும் பன்னும் தின்றுவிட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும். பேச்சில் ஒரு குறையும் கிடையாது, பேச்சு மட்டும் மூளையில் தனிக் கட்டடத்தில் இருக்கிறதோ என்னவோ. தட்டில் வைத்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு மீன் எங்கே என்று கோபமாகக் கேட்பார். மீன் தட்டின் இடப்பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். தட்டைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா உனக்கு"ன்னு நன்றாகச் சாப்பிடுவார். ஜூன் மாதத் திருவிழாவுக்குப் பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து ஏரிக்கரையில் மூட்டின திருவிழா நெருப்புக்குப் பக்கத்தில் நின்றார், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மாப்பிள்ளை, அந்தப் பக்கமிருந்து பார்த்தால் திருடன். அதையெல்லாம் சிரித்துக் கழித்துவிடலாம். என்னால் தாங்க முடியாமல் போனது வேறு. உன் அப்பா எந்த வேலையையும் ஆரம்பித்தால் முடிக்காமல் விடாதவர், அது ஒன்றுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன், அழகுக்காக இல்லை என்று உனக்கே தெரியும். அந்த மனிதர் படகு இயந்திரத்தைக் கழற்றிப் புல்லில் பரப்பினார், அது அப்படியே கிடந்தது, மழையில் நனைந்தது, அதன்மேல் இலை விழுந்தது. காப்பிக்குத் தண்ணீர் வைப்பார், பொடி போடாமல் வெந்நீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சவுனாவில் நீராவிக் குளியலுக்கு அடுப்பை மூட்ட விறகு எடுக்கப் போனவர் விறகுக்கொட்டகை வாசலில் ஒரு மணி நேரம் நிற்பார். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவார். எனக்கு ஒரே எண்ணந்தான், இந்த ஆள் வேண்டுமென்றே செய்கிறார், சாவைப் பார்த்துவிட்டு வந்ததால் இனிமேல் வேலையெல்லாம் பொண்டாட்டி தலையில் என்று முடிவு கட்டிவிட்டார். ஆகஸ்டில் ஒருநாள் பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு ரைலி வீட்டுக்குப் போய்விட்டேன். இதை நீ படிக்கிறபோது பயப்படாதே, அது அப்போது நடந்தது, இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

ரைலி எனக்குக் காப்பி ஊற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம், "அந்தக் காதுல வளையம் போட்ட பொண்ணு உனக்கு என்ன சொல்லிச்சு?"ன்னு கேட்டாள். நானும் சொன்னேன். "அப்ப எதுக்கு அவன்மேல பாயறே? வெய்யோ பண்ணலை எய்லா, அவன் மண்டை பண்ணுது. நொண்டிக்கிட்டே வந்திருந்தா இரக்கப்பட்டிருப்பே. நேரா நடக்கறான்கிறதுதான் உனக்குக் கோபம்"னாள். எனக்குச் சுருக்கென்றது. மறுசோதனைக்குப் போனானா என்று கேட்டாள். எங்கே போனார், அன்றைக்கு ஏரியில் மீன் நன்றாகக் கடிக்கிறது, நோயாளிகள் போகட்டும் என்று அவரே போன் போட்டு ரத்து செய்துவிட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்குத் திரும்பினேன், அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை, "சாப்பாடு என்ன"ன்னார். சரி, தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அக்டோபரில் கடமான் வேட்டை வந்தது. துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று காகிதத்தில் இருந்தது, தலைவனாக இருக்கக்கூடாது என்று இல்லையே. "நான் சுடலை, யாரை எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்றேன்"ன்னார். இருபது வருஷமாகக் குழுவுக்கு அவர்தான் தலைவர், அவரிடம் போய் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை, அந்த ஒன்றையாவது அவரிடம் விட்டுவைப்போம் என்று இருந்தது. காலையில் வேட்டைக் குடிசையில் எல்லாரும் கூடினோம், செம்மஞ்சள் உடுப்பில் அவர் பலகையின் முன்னால் நின்றபோது, கடவுளே, பழைய ஆளேதான். நம் குழுவின் ஹெய்மோ நாயோடு வடக்கிலிருந்து மானைக் கலைத்துக்கொண்டு வரவேண்டும், ரைலி நடுவில் சதுப்புநில ஓரத்தில், நான் மேற்கே குளத்துப் பாறையில். வாயால் இதை எல்லாருக்கும் ஒழுங்காகச் சொன்னார். சொல்லிக்கொண்டே பலகையில் காட்டை வரைந்து அதில் பெயர்களை எழுதினார். நாங்கள் வாய்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம், பலகையை ஒருவரும் பார்க்கவில்லை.

பாறைமேல் உட்கார்ந்து நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாய் குரைக்கிற சத்தம் தூரத்திலிருந்து நெருங்கி வந்தது, அப்புறம் கிளை முறிகிற சத்தம். ரைலியின் குரல் எங்கள் கைரேடியோவில் மெல்ல வந்தது. "வெய்யோ, பெரிய காளைக் கடமான். என் முன்னால வந்து மேற்கே திரும்புது. அந்தப் பக்கம் யார் இருக்கா?" குடிசையில் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த உன் அப்பாவின் குரல், கொஞ்சமும் தடுமாறாமல், நம் பழைய தலைவரின் குரல்: "அந்தப் பக்கம் யாருமில்லை. தாராளமா சுடு." மரங்களுக்கு நடுவே ரைலியின் செம்மஞ்சள் தொப்பி எனக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தக் காளை, குதிரையைவிடப் பெரிசு, மூக்கிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு. ரைலியின் துப்பாக்கிக் குழல் அதன்மேல், அதாவது என்மேல். ரொட்டி கையிலிருந்து விழுந்தது. ரேடியோவை அழுத்திப் பேசினேன், என்ன பேசினேன் என்று எனக்கு அப்போது தெரியாது, ஹெய்மோ பிற்பாடு ஊர் முழுக்கச் சொன்னதால் தெரியும். "வெய்யோ, அந்தப் பக்கம் உன் பொண்டாட்டி உக்காந்திருக்கேன். என்னைக் கொல்லணும்னா வீட்டுலயே காளான் குழம்புல பண்ணிக்கோ, பாவம் ரைலி கையைக் கறையாக்காத!"

காளை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குளத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து போய்விட்டது, அவசரமே படவில்லை. இந்த வருஷம் காட்டில் எங்களுக்குத் தப்பியது அது ஒன்றுதான், அது தப்பியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரைலி துப்பாக்கியிலிருந்து குண்டைக் கழற்றிவிட்டுப் ஈரப் பாசியில் உட்கார்ந்து, கவ்கோவின் அடக்கத்தன்று பாதியில் நிறுத்திய அழுகையை அன்றைக்கு அழுது முடித்தாள் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் உன் அப்பா காட்டுக்குள் வந்தார். வழியெல்லாம் இடது தோள் மரத்தில் இடித்து இடித்து, கன்னத்தில் கீறல். பாறைமேல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் திட்டுவதற்கு ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தேன். அந்தக் கீறலைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கத்தான் தோன்றியது. அவர், "உன்னை மறக்கலை எய்லா. காலைல உன்னைப் பாறைக்கு அனுப்புனது நாந்தான், அது தெரியும். ஆனா பலகையைப் பாக்கறப்ப அங்க பாறையே இல்லை. குளம் இல்லை. ஒரு குறையும் இல்லாத மாதிரி முழுசா இருந்துச்சு, அதுல நீ மட்டும் இல்லை"ன்னார். நாற்பத்தொரு வருஷத்தில் உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அவர் அம்மா இறந்தபோதுகூட விறகு வெட்டத்தான் போனார். அன்றைக்கு அழுதார். வலக்கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். இடக்கண்ணை நான் துடைத்தேன். அப்புறம் அவரே ரேடியோவை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ரைலி, இனிமே நீதான் தலைவர். எனக்கு முடியலை"ன்னார். ரைலி மூக்கைச் சிந்திவிட்டு, "என் புருஷனைக் குழிக்குள்ள தலைகீழா விட்டியே, அன்னைக்கே உன்கிட்டேர்ந்து வாங்கியிருக்கணும்"னாள். இவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. குடிசைக்குத் திரும்பியதும் அந்தப் பலகையைப் போய்ப் பார்த்தேன். கிழக்குப் பாதி முழுக்க நெருக்கி நெருக்கிப் பெயர்கள். மேற்குப் பாதியில், அதாவது இடது பாதியில், ஒரு கோடுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் வரைந்தாரே கடிகாரம், அதேதான்.

மறுநாளே ரோன்யாவுக்குப் போன் போட்டார், அவரே போட்டார், நான் சொல்லவில்லை. போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உனக்கு அப்பவே தெரியுமா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். "தெரியாது, சந்தேகம் இருந்துச்சு. உங்களை மாதிரி மார்க் வாங்கிட்டு நல்லா தேறினவங்களையும் பாத்திருக்கேன். நல்ல மார்க் வாங்கிட்டு அப்புறம் சறுக்கினவங்களும் உண்டு. அதான் திரும்ப வாங்கன்னு சொன்னேன்." வராதவர்களைத் தேடிப் பிடிக்கிற ஏற்பாடு தங்களிடம் சரியாக இல்லை, அது தங்கள் பக்கத்துக் குறை என்று அவளே சொன்னாள், எனக்கு அது பிடித்திருந்தது. திரும்பவும் எல்லாச் சோதனையும் செய்தாள். இந்தத் தடவை சொற்களில் நாலு வந்தது. கடிகாரத்தின் எண்கள் கொஞ்சம் இடப்பக்கம் எட்டிப் பார்த்தன, களைப்பானதும் மறுபடி வலப்பக்கம் ஓடிவிட்டன. ஒரு வேலையைத் திட்டம்போட்டு வரிசையாகச் செய்வதுதான் இன்னும் மோசம், அது முழுக்கத் திரும்பாமலே போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னாள். அப்பா, "சரி, பென்சில் ஜோசியத்துல நீ எங்க அத்தையைவிடத் தேவலை"ன்னார்.

இப்போது வாரம் ஒருமுறை பயிற்சிக்குப் போகிறார், நான்தான் கார் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதற்கு மார்க் போடுகிறார். வீடு முழுக்கச் சிவப்பு நாடா. மேஜையின் இடது ஓரத்தில், கதவின் இடது சட்டத்தில், அவருடைய தட்டின் இடது விளிம்பில்கூட. சிவப்பைக் கண்டுபிடிக்கும்வரை தலையைத் திருப்பவேண்டும், அதுதான் பாடம். சாப்பிடுகிறபோது தலை ஆந்தை மாதிரி சுற்றுகிறது, ஆனால் மீன் அகப்பட்டுவிடுகிறது. வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் செய்கிறார். அப்படித்தான் போன வாரம் படகு இயந்திரத்தைப் பூட்டி முடித்தார், ஒரு திருகாணி மிச்சம், அது எங்கேயிருந்து வந்தது என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாது என்கிறார். குழுவுக்கு இப்போது அவர்தான் சூப் காய்ச்சுகிறார். உப்பு இரண்டு தடவை விழுகிறது, இல்லாவிட்டால் விழுவதே இல்லை, ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். சில நாள் காலையில் எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார், தலைவர் பதவி போனதை நினைக்கிறார் என்று தெரியும், அப்போது நான் போய் ஏதாவது சண்டை இழுப்பேன், எழுந்துவிடுவார். நடக்கப் போனால் அவருக்கு இடப்பக்கம் நான் நடக்கவேண்டும் என்கிறார். எதற்கு என்றேன். "நீ அங்க இருந்தாத்தான் அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கும்"னார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்குச் சொன்ன ஒரே காதல் வசனம் இதுதான், அதற்கும் மூளையில் அடைப்பு வரவேண்டியிருந்தது.

உனக்குச் சில புத்தி சொல்லவேண்டும், கேட்டுக்கொள். உன் உடம்பில் ஓடுவதும் அந்த ஆளின் ரத்தந்தான், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள், மாத்திரை கொடுத்தால் போடு, அவரை மாதிரி அதை மீன் பெட்டியில் வைத்துவிட்டு மறக்காதே. மாப்பிள்ளைக்கு உப்பைக் குறை. யாருக்காவது வாய் கோணினால் வெட்கப்படாமல் சிரிக்கச் சொல், சாவு வீடானாலும் பரவாயில்லை.

கடைசியாக, இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். தாத்தா ஏன் தன்னோடு மட்டும் பேசுவதில்லை, தன்மேல் கோபமா என்று குழந்தை பிஹ்லா அழுததாகப் போன வாரம் நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுத்த தடவை நீங்கள் வீடியோ போனில் வந்தபோது நான் படத்தைக் கவனித்துப் பார்த்தேன். நீ வலப்பக்கம், குழந்தை இடப்பக்கம், எப்போதும் அப்படியே உட்காருகிறீர்கள். அவள் கைகாட்டினாள், பல் விழுந்ததைத் திறந்து காட்டினாள், இவர் உன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் என்னிடம், "பிஹ்லா இன்னைக்கும் வரலை பாத்தியா, கிழவன்னா சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது போல"ன்னார். எட்டு மாதமாக அந்தக் கிழவரும் அந்தக் குழந்தையும் ஒரே படத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவளைத் தூக்கி உனக்கு மறுபக்கம் உட்காரவை. வேறு ஒன்றும் செய்யவேண்டாம்.

நீங்கள் மூவரும் எந்தப் பக்கத்திலும் குறையில்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும். குளிருக்குத் தொப்பி போடு, அங்கே கோடைக்காலம் என்று சொல்லாதே, உன் ஊர்க் காற்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் அம்மா எய்லா.

(அப்பாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று பிடிவாதம். இந்த ஓரத்தில் வலப்பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது அவர்தான்.)